ஒரே ஹீரோவைப் பிடித்து ரேங்க் ஏறுவது எப்படி

எங்கள் தெருவில் மின்சாரம் திரும்பியதும் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று ஒரு கூச்சல் போடுவார்கள். கரண்ட் வந்துவிட்டது என்று பர்மிய மொழியில் அதற்குப் பொருள். ரங்கூனில் சில வருடமாகக் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. வந்த ஐந்தாவது நிமிடம் தெருவில் பாதிப் பேர் மொபைல் லெஜெண்ட்ஸ் என்ற போன் விளையாட்டுக்குள் இருப்பார்கள். என் அக்கா மகனும் அதில் உண்டு, நாற்பதைத் தொடப்போகும் நானும் உண்டு.

கடை வேலை, கரண்ட், டேட்டாவுக்கு ஆகும் காசு எல்லாம் கழித்தால் எனக்கு நாளைக்கு மூன்று ஆட்டம் தேறும். ஞாயிற்றுக்கிழமை ஆறு. ஆக வாரத்துக்கு 24. விளையாட்டில் இருப்பதோ 120க்கு மேற்பட்ட ஹீரோக்கள், அதாவது நாம் எடுத்து ஆடும் பாத்திரங்கள். ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறை தொட்டுப் பார்க்கவே ஐந்து வாரம் ஓடிவிடும். ஆறாவது வாரம் வரும்போது முதல் ஹீரோவுக்கு எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதே மறந்திருக்கும். அதனால்தான் ஒரே ஹீரோவைப் பிடித்துக்கொண்டேன். நாள் முழுக்க ஆட நேரம் உள்ள பிள்ளைகள் பத்து ஹீரோவைப் பழகட்டும். நாளைக்கு மூன்று ஆட்டம் ஆடுகிறவருக்கு இதுதான் வழி.

இப்படி ஆடுகிறவரை 'இன்ன ஹீரோ மெயின்' என்பார்கள். அந்த ஒன்றை விட்டால் வேறு எதையும் தொடவே மாட்டேன் என்பவர் 'ஒன் டிரிக்'. நான் எழுதுவது முதல் வகைக்காரர்களுக்கு. இரண்டாவது ஏன் ஆகாது என்பது போகப்போகத் தெரியும்.

புதிதாக வருகிறவர்களுக்கு விளையாட்டைப் பற்றி நாலு வரி. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். மூன்று லேன், அதாவது பாதை, அவற்றுக்கு நடுவே காடு. எதிராளியின் டவர்களை உடைத்து உள்ளே போய் அடித்தளத்தை இடித்தால் வெற்றி. கோல்டு லேனில் தூரத்திலிருந்து அடிக்கும் மார்க்ஸ்மேன், எக்ஸ்பி லேனில் பெரும்பாலும் நெருங்கி அடிக்கும் ஃபைட்டர், நடு லேனில் மந்திரத்தால் அடிக்கும் மேஜ், காட்டில் அங்குள்ள மிருகங்களைக் கொன்று வளரும் ஜங்லர். ஐந்தாமவர் ரோம், லேன் என்று எதுவும் இல்லாமல் எங்கும் சுற்றி மற்ற நால்வருக்கும் உதவுவது அவர் வேலை. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸோ டோட்டா 2வோ ஆடியவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. இங்கே சொல்வதில் பெரும்பகுதி அங்கேயும் பொருந்தும்.

ஹீரோவைத் தேர்ந்தெடுப்பது

வீடியோ பார்த்து மயங்கி ஃபேனியை வாங்கினேன். ஹீரோ வாங்க ஆடிச் சேர்த்து வைத்திருந்த பேட்டில் பாயிண்ட் எல்லாம் அதிலேயே போயிற்று. ஃபேனி சுவரில் கம்பி எறிந்து, அதைப் பிடித்துப் பறந்து, பறக்கும்போதே அடுத்த கம்பியை எறிகிறவள். என் இணைப்பில் பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் தாமதம், நூறு மில்லிவினாடிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். நான் எறிந்த கம்பி அரை நொடி கழித்துப் புறப்படும், அதற்குள் சுவர் பின்னால் போயிருக்கும். மூன்று வாரம் சுவரில் முட்டிய பிறகுதான் புத்தி வந்தது: ஹீரோவைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நம் போனும் இணைப்பும்.

நொடிக்குள் நாலு பொத்தான் அழுத்த வேண்டிய ஹீரோ, மட்டமான இணைப்புக்கு ஆகாது. ஒரே ஒரு அசைவைச் சரியான நேரத்தில் செய்தால் போதும் என்ற வகை ஹீரோ நமக்கு வாட்டமானவர்.

அடுத்து, எந்த இடத்துக்கு அடிபிடி குறைவு என்று பாருங்கள். ஜங்லர் வேண்டும் என்று மூன்று பேர் நிற்பார்கள், மார்க்ஸ்மேன் வேண்டும் என்று இரண்டு பேர். ரோம் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அந்த இடத்தில் ஒருவரைப் பழகி வைத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு ஆட்டத்தில் நம் ஹீரோ நமக்கே கிடைப்பார், சண்டை இல்லை. சரி, ரோமுக்கு ஆட்டத்துக்குள் கிடைக்கும் காசு குறைவாகத்தான் வரும், எதிரியைக் கொன்ற பெயரும் நமக்கு வராது. பெயர் வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

நேற்று வெளிவந்த ஹீரோ வேண்டாம். புதியவர் மிகையான பலத்தோடு வருவார். எல்லாரும் பான் செய்வார்கள், அதாவது அந்த ஆட்டத்தில் யாருமே எடுக்க முடியாதபடி தடுத்துவிடுவார்கள். அப்புறம் கம்பெனியே பலத்தைக் குறைக்கும். வருடக்கணக்காக விளையாட்டில் இருக்கும் பழைய முகங்களே பாதுகாப்பு. காசும் உடனே செலவழிக்காதீர்கள். வாராவாரம் சில ஹீரோக்களை இலவசமாக ஆடக் கொடுப்பார்கள். அதில் மூன்று பேரைப் பிடித்து, ஆளுக்குப் பத்து ஆட்டம் ரேங்க் இல்லாத கிளாசிக்கில் ஆடுங்கள். எவரோடு தோற்றபோதும் அடுத்த ஆட்டம் ஆடத் தோன்றியதோ அவரை எடுங்கள். ஜெயித்த ஆட்டத்தில் எல்லா ஹீரோவும் நல்லவராகத்தான் தெரிவார்.

எனக்கு அப்படி அமைந்தவர் ஃபிராங்கோ. உருண்ட உடம்பு, கையில் சங்கிலி கட்டிய கொக்கி. அதை எறிந்து தூரத்தில் நிற்கும் எதிரியைத் தன் காலடிக்கு இழுப்பதுதான் தொழில். தூண்டில் போடுகிற ஆளைப் போலத்தான், பொறுமை உள்ளவருக்கு மீன் விழும். இனிமேல் எல்லா உதாரணத்தையும் அவரை வைத்தே சொல்கிறேன். உங்கள் ஹீரோவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: ஒரே ஒரு ஸ்கில்

ஹீரோவின் ஸ்கில் விவரத்தைப் பொறுமையாக ஒரு முறை முழுதும் படியுங்கள். பெரும்பாலானவர்கள் படிப்பதே இல்லை. ஃபிராங்கோ சில வினாடி அடி வாங்காமல் இருந்தால் நடை வேகம் கூடும் என்பது அதில்தான் இருக்கிறது. அது தெரியாமல் ஆடியபோது ஒவ்வொரு சில்லறைச் சண்டையிலும் மூக்கை நுழைத்து அந்த வேகத்தை இழந்துகொண்டிருந்தேன்.

பிறகு ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். போனில் குறிப்பு எழுதலாமே என்பீர்கள். ஆட்டத்துக்கு நடுவில் போன் ஆட்டத்தில் இருக்கிறது, நோட்டு மடியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஒவ்வொரு ஸ்கில்லும் எவ்வளவு தூரம் எட்டும், மறுபடி தயாராக எத்தனை வினாடி ஆகும் என்று எழுதுங்கள். இந்தக் காத்திருப்பு நேரத்தைத்தான் கூல்டவுன் என்கிறோம். பயிற்சி முகாமில் கூல்டவுன் இல்லாமல் ஆட ஒரு வசதி உண்டு. அதைத் தொடாதீர்கள். கொக்கி தவறினால் அடுத்ததுக்கு எவ்வளவு நேரம் சும்மா நிற்க வேண்டும் என்பதை உடம்பு பழக வேண்டும். அந்தக் காத்திருப்புதான் கண்டபடி எறிவதை நிறுத்தும்.

முதல் வாரம் முழுக்கக் கொக்கி மட்டும். தினமும் ஐம்பது எறியுங்கள். அசையாத பொம்மைமீது பத்து எறிந்தால் போதும், மிச்சத்தை அசையும் எதிரிமீது எறியுங்கள். எதிரி நிற்கும் இடத்துக்கு எறிந்தால் கொக்கி அவர் முதுகுக்குப் பின்னால் போகும். அவர் அடுத்து எங்கே கால் வைப்பார் என்று பார்த்து எறிய வேண்டும். மனிதர்கள் நடப்பதில் ஒரு பழக்கம் இருக்கிறது. லேனில் தானாக நடந்து வரும் சிப்பாயான மினியனுக்குக் கடைசி அடி கொடுக்க ஒரு கணம் நிற்பார்கள், அப்போது எறியுங்கள். உயிர் குறைந்தவர் தன் டவரைப் பார்த்து நேர்கோட்டில் ஓடுவார், டவருக்கும் அவருக்கும் நடுவே எறியுங்கள். கொக்கியைப் பார்த்துப் பயந்தவர் இடமும் வலமும் ஆடுவார். அவரை விட்டுவிட்டுப் பயப்படாமல் நிற்கும் பக்கத்து ஆளை எடுங்கள்.

கொக்கி வழியில் முதலில் படுவதைத்தான் இழுக்கும். மினியன் நடுவில் இருந்தால் மினியன்தான் வரும். கூட்டாளிகள் பர்மிய மொழியில் "பா லௌ நே தாலே" என்று கேட்பார்கள், என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று. அதனால் லேனுக்கு நேராக நிற்காதீர்கள், பக்கவாட்டில் புதருக்குள் நில்லுங்கள். புதரிலிருந்து எறிந்தால் கை ஓங்குவது எதிரிக்குத் தெரியாது. கொக்கி கண்ணில் படும்போது நேரம் கடந்திருக்கும்.

இரண்டாவது வாரம் முழு வரிசை. கொக்கியில் இழுத்து, வந்தவரை அல்டிமேட்டால், அதாவது ஹீரோவின் பெரிய ஸ்கில்லால், அப்படியே பிடித்து வைப்பது. பிடி இரண்டு வினாடிக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் அடிக்க ஆள் பக்கத்தில் இல்லையென்றால் பிடித்துப் பயன் இல்லை. இன்னொன்று: அல்டிமேட் ஒரே ஆளைக் குறி வைக்கும். கூட்டத்தில் தவறான ஆளைப் பிடிக்காமல் இருக்க அமைப்புகளில் ஹீரோ லாக் வசதியை இயக்கி வையுங்கள். எதிரிகளின் முகம் சின்ன வட்டமாகத் திரையில் வரும், அதைத் தொட்டால் குறி அவர்மேல் நிற்கும். இந்த ஒரு மாற்றம் எனக்கு இருபது ஆட்டத்துப் பயிற்சிக்குச் சமம்.

எம்பிளம் (ஆட்டத்துக்கு முன் ஹீரோவுக்கு எடுக்கும் கூடுதல் பலம்), சாமான் வாங்கும் வரிசை எல்லாவற்றுக்கும் விளையாட்டுக்குள்ளேயே உயர்ந்த ஆட்டக்காரர்களின் தேர்வைக் காட்டுவார்கள். ஆரம்பத்தில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் அதில் நேரம் செலவழிக்க ஒன்றும் இல்லை. ஸ்கின், அதாவது ஹீரோவுக்குப் புதுத் தோற்றம், வாங்குவதைப் பற்றியும் அதே பதில்தான்.

நோட்டின் இரண்டாம் பக்கம்: எதிரிகள்

நம் ஹீரோவை நமக்குத் தெரியும் என்று நாம் நினைக்கிற நேரத்தில்தான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. ஒரு ஹீரோவை மட்டும் ஆடுவதில் பெரிய லாபம் இது: நம் பக்கம் மாறாமல் இருப்பதால் எதிர்ப்பக்கம் ஒவ்வொருவராகத் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். தினம் ஒரு ஹீரோ மாற்றுகிறவர் லான்சலாட் என்ற ஹீரோவிடம் தோற்றால், தன் தவறா, தன் ஹீரோவின் பலவீனமா, லான்சலாட்டின் பலமா என்று பிரிக்க முடியாது. நம்மால் முடியும்.

தோற்ற ஆட்டத்துக்கு அப்புறம் ஒரே ஒரு எதிரியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதுங்கள். என் நோட்டில் இருப்பதில் சில: லான்சலாட் இரண்டாம் ஸ்கில்லில் இருக்கும் கணம் அவரைத் தொட முடியாது, அது முடிந்து கால் தரையில் பட்டதும் எறி. டிக்கி இருந்தால் அவர் அல்டிமேட்டில் கூட்டம் முழுக்கப் பிடியிலிருந்து தப்பும், அது செலவாகும்வரை நம் அல்டிமேட்டை வைத்திரு. எதிரி டேங்கை, அதாவது அடி தாங்கும் ஹீரோவை, கொக்கியில் இழுக்காதே, சண்டையைத் தொடங்க அவனே நம் நடுவில் வரத்தான் காத்திருக்கிறான். இந்தக் கடைசி வரியை நான்கு முறை வெவ்வேறு தேதியில் எழுதியிருக்கிறேன்.

எதிரிகள் எடுத்திருக்கும் பேட்டில் ஸ்பெல்லையும், அதாவது ஹீரோவின் ஸ்கில்லுக்கு மேல் கூடுதலாக எடுக்கும் வித்தையையும், ஆட்டம் திறக்கும் முன் வரும் திரையில் பாருங்கள். சட்டென்று சிறிது தூரம் தாவ உதவும் ஃப்ளிக்கர் ஒரு முறை போனால் திரும்ப வர இரண்டு நிமிடம் ஆகும். எதிரி மார்க்ஸ்மேன் ஃப்ளிக்கரைச் செலவழித்ததைக் கண்டால் கடிகாரத்தைப் பாருங்கள், அந்த இரண்டு நிமிடம் அவர் நம் தூண்டிலுக்கு உரியவர்.

முப்பது ஆட்டத்துக்கு மேல்: கண்ணை மேப்புக்கு மாற்றுவது

முப்பது முப்பத்தைந்து ஆட்டத்தில் ஒரு நாள் கவனிப்பீர்கள், பொத்தானைப் பார்க்காமலே அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள். அன்றைக்குத்தான் ரேங்க் ஆட ஆரம்பிக்கலாம். அதற்கு முன் ரேங்க் போகிறவர்கள் கையைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள், மூலையில் இருக்கும் சின்ன மேப்பைப் பார்ப்பதில்லை. கை தானாக நடக்கும்போது மிச்சமாகும் கவனம் முழுவதும் மேப்புக்குப் போக வேண்டும். பலரும் இந்த இடத்தில் அந்தக் கவனத்தை இன்னும் அழகான கொக்கி எறிவதில் செலவழிக்கிறார்கள். அவர்களுக்கு வீடியோ கிடைக்கும், ரேங்க் ஏறாது.

ஒரு உதாரணம். இரண்டாவது நிமிடத்தில் ஆமை என்ற பெரிய மிருகம் வரும். அதைக் கொல்லும் அணிக்குக் காசும் அனுபவமும் கூடும். இரண்டு ஜங்லரும் அதைத் தேடி வருவார்கள், கடைசி அடியை ரெட்ரிபியூஷன் என்ற ஸ்பெல்லால் யார் முந்திக் கொடுக்கிறார் என்பதே போட்டி. நான் ஆமை வர அரை நிமிடம் இருக்கும்போதே ஆற்றோரப் புதருக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன். ஆமையின் உயிர் பாதிக்குக் கீழே போகும்வரை எறிய மாட்டேன். அதன்பிறகு எதிரி ஜங்லரைக் கொக்கியில் இழுத்தால் அவர் சாகத் தேவையில்லை, ஆமையின் பக்கத்தில் இல்லாமல் இருந்தாலே போதும். எட்டாவது நிமிடத்திலிருந்து வரும் லார்டு என்ற இன்னும் பெரிய மிருகத்துக்கும் இதே ஏற்பாடு. கொக்கியின் மதிப்பு அது போட்ட இடத்திலும் நேரத்திலும் இருக்கிறது என்று எனக்குப் புரிய ஐந்து மாதம் பிடித்தது.

வாரத்துக்கு ஒரு தோல்வியின் ரீப்ளேயைப் பாருங்கள், அதுவும் நம்மைப் பார்க்காமல், நாம் செத்துக் கிடந்த நேரத்தில் மேப்பில் என்ன நடந்தது என்று மட்டும்.

பான் ஆனால் என்ன செய்வது

எபிக் என்ற ரேங்க் தரத்தை எட்டியதும் டிராஃப்ட் வந்துவிடும். இரு அணியும் சில ஹீரோக்களைப் பான் செய்து, மிச்சத்தில் மாறி மாறி எடுக்கும். ஒரு பக்கம் எடுத்தவரை மறுபக்கம் எடுக்க முடியாது. ஒன் டிரிக் ஆட்டக்காரர் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

2021 ஜனவரியில் சிங்கப்பூரில் நடந்த எம்2 உலகப் போட்டியில் இந்த ஊர் அணியான பர்மீஸ் கூல்ஸ் இறுதி ஆட்டம் வரை போய், பிலிப்பைன்ஸின் ப்ரென் அணியிடம் 4-3 என்று தோற்றது. வீட்டில் ஒரே போனைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்து பார்த்தோம். அக்கா மகன் அழுதேவிட்டான். அந்த மாதிரித் தொடர்களைப் பார்த்தால் ஒன்று தெரியும்: முதல் ஆட்டத்தில் ஒருவர் எதில் வெளுத்து வாங்கினாரோ, அடுத்த ஆட்டத்தில் அது பானில் போகும் வாய்ப்பு அதிகம். நம் தரத்தில் யாரும் நம்மைக் குறி வைத்துப் பான் செய்யப்போவதில்லை. ஆனால் முந்தி வேறு யாராவது எடுத்துவிடுவார்கள்.

எனவே நூறு ஆட்டம் ஆன பிறகு இரண்டாம் ஹீரோ ஒருவர், அப்புறம் மூன்றாமவர். புதிய ஆசைக்காக வேறு இடத்துக்குத் தாவாதீர்கள். அதே இடம், அதே வேலை செய்கிற ஆளாகப் பாருங்கள். ஃபிராங்கோவுக்கு அடுத்து நான் வைத்திருப்பது டைக்ரியலும் குஃப்ராவும். டைக்ரியல் அல்டிமேட்டில் சுற்றியுள்ளவர்களை எல்லாம் தன்னிடம் இழுப்பார். குஃப்ரா பாய்ந்து வருகிற ஹீரோக்களை நடுவழியில் தடுப்பார். புதரில் காத்திருப்பது, ஆமைக்கு முன்னால் போவது எல்லாம் அப்படியே செல்லுபடியாகும். கை மட்டும்தான் புதிதாகப் பழக வேண்டும்.

டிராஃப்டில் இன்னொரு வசதி பலருக்குத் தெரியாது. ஒரே அணியில் இருவரிடமும் அந்த ஹீரோக்கள் இருந்தால், தேர்ந்தெடுத்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் ஹீரோவுக்கு எதிராக எதிரி ஆள் எடுக்கக் கூடாது என்றால், கடைசியாக எடுப்பவரிடம் பணிவாகக் கேட்டு அவர் வழியாக வாங்கிக்கொள்ளுங்கள். பணிவாகக் கேட்பது முக்கியம். திட்டினால் வேண்டுமென்றே வேறு எடுப்பார்.

கரண்டும் கிரெடிட்டும்

ஆட்டத்தின் நடுவில் காணாமல் போனால் கிரெடிட் ஸ்கோர் குறையும், ரொம்பக் குறைந்தால் ரேங்க் ஆட விடாது. கரண்ட் போனதால் வைஃபை போயிற்று என்று விளையாட்டிடம் சொல்லிப் பயன் இல்லை. கரண்ட் போக அரை மணிக்கு உள்ளே இருக்கிறது என்றால் ரேங்க் தொடங்காதீர்கள். தொடங்கியே ஆக வேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே மொபைல் டேட்டாவில் ஆடுங்கள், நடுவில் மாற வேண்டாம். சார்ஜ் ஏறிக்கொண்டே ஆடினால் போன் சூடாகித் திணறும். ஏப்ரல் வெயிலில், திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா நேரத்தில், கேட்கவே வேண்டாம். கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏற்றிவிட்டு, கழற்றி வைத்து ஆடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அன்றைக்கு ரேங்க் போதும். மிச்சம் இருக்கும் ஒரு ஆட்டத்தைக் கிளாசிக்கில் இரண்டாம் ஹீரோவுக்குக் கொடுங்கள்.

ஹீரோவை எப்போது விடுவது

அப்டேட் வரும்போது நம் ஹீரோவின் பலத்தைக் குறைப்பார்கள். அன்றைக்கே எல்லாரும் அவர் செத்துவிட்டார் என்று எழுதுவார்கள். இரண்டு வாரம் பொறுங்கள். குறைந்தது அளவா, வேலையா என்று பாருங்கள். அடியின் அளவு கொஞ்சம் குறைந்தது என்றால் தங்கலாம். ஃபிராங்கோவின் கொக்கி இன்றைக்கும் ஆளை இழுக்கிறது, நான் இருக்கிறேன். நாம் எதற்காக அவரை எடுத்தோமோ அந்த வேலையையே மாற்றி எழுதிவிட்டால் நோட்டில் புதுப் பக்கம் திருப்ப வேண்டியதுதான். அப்போதும் எதிரிகளைப் பற்றி எழுதிய பக்கங்களைக் கிழிக்காதீர்கள். அக்கா மகன் போன மாதம் ஃபிராங்கோவை விட்டு டைக்ரியலுக்குப் போனபோது என்னிடம் கடன் கேட்டது அந்தப் பக்கங்களைத்தான். இன்னும் திருப்பித் தரவில்லை.